கீழ் வரிசைப் பதினான்கு கட்டங்கள்

தம்பி, அக்காவுக்கு
ஜனவரி 9

அக்கா,

நீ நல்லா இருப்பே, நானும் நல்லா இருக்கேன். மரியாதை வரி முடிஞ்சுது, இனி விஷயம்.

போன் வேண்டாம், இனிமே எழுதுன்னு நீதான் சொன்னே. காலேஜை விட்டுட்டேன்னு நான் சொன்ன அன்னிக்கு நீ கத்தின கத்துல என் ரூம்மேட் டிவியை நிறுத்திட்டு போன்ல வந்த உன் சத்தத்தைக் கேட்டான். அதனால எழுதுறேன். எங்க போட் பட்டறைக்கும் உங்க ஏரிக்கும் டிரெய்லர் ஓட்டுற ஆமை அண்ணன் கையில கொடுத்தனுப்புறேன். பேருக்கு ஏத்த மாதிரிதான் ஓட்டுவார். எப்போ வந்து சேரும்னு என்னைக் கேக்காதே.

அத்தான் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை, அதனால ஒழுங்கா இருக்கேன். முதலாளிக்குக் கண்ணாடின்னு பட்டப்பேரு. கண்ணாடியை நெத்தியில ஏத்திவச்சுக்கிட்டு பட்டறை முழுக்க அதையே தேடுவார். அத்தானோட போட் போன வாரம் வந்துச்சு. கண்ணாடி அதை என் ஒருத்தன்கிட்டயே விட்டுட்டார். வந்து ஆறு மாசத்துல யாருக்கும் அப்படி விட்டதில்லையாம்.

நீ கேப்பே, என்னடா பண்றேன்னு. போட்டுக்குப் பின்னால வெளியே தொங்குதே ஒரு கால், ப்ரொப்பெல்லரோட, அதுதான் டிரைவ். அதைப் பின்சுவர்ல நேரா மாட்டாம, நடுவுல ஒரு அலுமினியப் பெட்டி வச்சு ஒரு சாண் பின்னால தள்ளி மாட்டுறோம். செட்பேக் பெட்டின்னு பேரு. பின்னால போனா கலங்காத தண்ணி கிடைக்கும், கொஞ்சம் தூக்கியும் மாட்டலாம், வேகம் ஏறும். ஆனா ஒரு சாண் தள்ளி நிக்கிறதால அது பின்சுவரைப் பிடிச்சு நெம்பும். கதவைப் பிடிச்சு ஒருத்தன் தொங்கினா கீல் என்ன பாடுபடும், அந்த மாதிரி.

அதனால முதல்ல பின்சுவர் தாங்குமான்னு பாக்கணும். வெளியேயும் உள்ளேயும் ஃபைபர், நடுவுல பிளைவுட். சாக்பீஸ்ல கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் சின்னச் சுத்தியால தட்டணும். நல்ல மரம்னா டக்குனு கேக்கும். ஊறிப்போன மரம்னா தொப்புனு கேக்கும். ரெண்டு பேர் வேலை இது. ஒருத்தன் வெளியே தட்ட, இன்னொருத்தன் உள்ளே உக்காந்து கையை வச்சுக் கேக்கணும். எனக்கு எதுக்கு இன்னொருத்தன்? அஞ்சு வரிசை, எழுபது கட்டம், எழுபது டிக். மத்தவங்க அரை நாள் தட்டுவாங்க, நான் ஒன்றரை மணி நேரத்துல தாளைக் கண்ணாடி கையில கொடுத்துட்டேன். கையெழுத்துப் போட்டுட்டார்.

பின்சுவர்ல வட்ட ரம்பம் போட்டா பிஸ்கட் மாதிரி ஒரு வில்லை கழண்டு வரும். அதை ஓனருக்குக் கொடுத்தனுப்புறது இந்தப் பட்டறை வழக்கம். உனக்கும் ஒண்ணு வரும்.

இப்படிக்கு,
நீ பெக்காம வளத்த பிள்ளை

*

அக்கா, தம்பிக்கு
ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஃபைபர் தூசி தோலில் ஏறினால் அரிப்பு விடாது. முழுக்கைச் சட்டை போடு. வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளி, வெந்நீர் வேண்டாம். எங்கள் வார்டுக்கு வருகிற பட்டறை ஆட்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அவர்களும் கேட்பதில்லை.

அந்தப் படகு உன் கையில் இருக்கிறது என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமான வருடம் அதற்கு நான்தான் பெயிண்ட் அடித்தேன், தெரியுமா? முழுக்க மஞ்சள். பின்சுவருக்கு மட்டும் மூன்று பூச்சு. "தண்ணியில ஸ்கூல் பஸ் ஓடுற மாதிரி இருக்குடி" என்று உன் அத்தான் சிரித்தார். அடுத்த வருடம் சிவப்பு அடித்துவிட்டார். சுரண்டக்கூட இல்லை, அப்படியே மேலே அடித்தார். அதனால் என் மஞ்சள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அவரோடு சண்டை போடும் நாளெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

ஏப்ரல் 12-இல் போட்டி. போன வருடம் அரைப் படகு நீளத்தில் இரண்டாவது வந்தார். அதிலிருந்து வீட்டில் சாப்பிடும்போதும் அந்த அரைப் படகு எங்களோடு உட்கார்ந்திருக்கிறது. உன் பெட்டி அதை எழுப்பி அனுப்பினால் சரி.

எழுபது கட்டம் ஒன்றரை மணி நேரத்திலா? சின்ன வயதில் நீ பல் தேய்த்த வேகம் ஞாபகம் வருகிறது. பிரஷ்ஷை மட்டும் நனைத்து வைத்துவிட்டு ஓடி வருவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

தம்பி, அக்காவுக்கு
பிப்ரவரி 2
(எழுதி, உறையில் போட்டு, டூல் பெட்டிக்குள் வைத்தது)

அக்கா,

பிரஷ் விஷயம் உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷமா தெரியாதுன்னுல்ல நினைச்சேன்.

கீழ் வரிசையை நான் தட்டலை. பதினாலு கட்டம். டிரெய்லரோட குறுக்கு இரும்பு அங்கே மறைக்குது. படுத்து உள்ளே போனாத்தான் சுத்தி எட்டும். கீழே தரையில ஃபைபர் தேச்ச அழுக்குத் தண்ணி குட்டையா நின்னுச்சு. மேல் நாலு வரிசையும் டக்குடக்குன்னு மணி மாதிரி கேட்டுச்சு. கீழே மட்டும் வேற மாதிரியா இருக்கப்போகுதுன்னு நின்னுக்கிட்டே டிக் போட்டுட்டேன்.

இன்னிக்கு ஸ்டீயரிங் குழாய்க்காகக் கீழே ஒரு துளை போட்டேன். முதல்ல சிவப்புத் தூள் வந்துச்சு, அப்புறம் மஞ்சள். உன் மஞ்சள். ஃபைபரைத் தாண்டினதும் வெள்ளை மரத்தூள் பறக்கணும். பறக்கலை. கறுப்பா, ஈரமா, காபிச் சக்கை மாதிரி ரம்பத்துல அப்பிக்கிச்சு. வில்லையைக் கையில எடுத்துக் கட்டைவிரலால அழுத்தினேன். தண்ணி வந்துச்சு அக்கா.

டிரைவ் தள்ளும்போது பெட்டியோட கீழ்விளிம்புதான் சுவர்ல அமுங்கும். சரியா அந்த இடம்.

கண்ணாடிகிட்ட போனேன். அவர் யார்கிட்டயோ போன்ல, "பையன் நல்லா வருவான், அவன் அத்தான் சொன்னது சரிதான்"னு சொல்லிக்கிட்டிருந்தார். திரும்பி வந்துட்டேன். பின்சுவர் மாத்தணும்னா ஏற்கெனவே நாலு போட் வரிசையில நிக்குது. ரெண்டு மாசம் வரிசை, ஒன்றரை மாசம் வேலை. ஏப்ரல் 12 போச்சு. அத்தானும் போச்சு. நானும் போச்சு.

காலையில இதை உனக்கு அனுப்பிடுவேன்.

*

தம்பி, அக்காவுக்கு
பிப்ரவரி 4

அக்கா,

நலம், நலம், நலம். கை மட்டும் அரிக்குது. பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறேன், சத்தியமா.

வேலை முடிஞ்சுது. பெட்டி உக்காந்தாச்சு, டிரைவ் மாட்டியாச்சு, போல்ட் எல்லாம் அளவு பாத்து முறுக்கியாச்சு. ஆமை அண்ணன் நாளைக்கு போட்டை ஏத்திக்கிட்டு கிளம்புறார். வில்லையும் வருது பாரு, மரம் எவ்வளவு வெள்ளையா இருக்குன்னு. டம்ளர் வைக்க உதவும்.

அத்தானை முதல் பத்து நாள் மெதுவா ஓட்டச் சொல்லு. புதுசுல்ல.

வேற ஒண்ணும் இல்ல.

தம்பி

*

அத்தான், மச்சானுக்கு
பிப்ரவரி 22

மச்சான்,

சௌக்கியமா? நான் சௌக்கியம். எனக்கு எழுத வராது, உங்க அக்கா பக்கத்துல உக்காந்து என் எழுத்துக்கு மார்க் போட்டுக்கிட்டு இருக்கா.

பெட்டி பிரமாதம்டா! போட்டு தண்ணியைத் தொடாம போகுது. திருப்பத்துல வெளிய வர்றப்போ முன்ன இருந்த அந்த இழுவையே இல்ல. கரையில நின்னவன் எல்லாம் யாரு வேலைன்னு கேட்டான். என் மச்சான்னு சொன்னேன். காலேஜை விட்ட பையன்தானேன்னு ஒருத்தன் கேட்டான், ஆமா, காலேஜுக்குத்தான் நஷ்டம்னு சொன்னேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சதும் மேல் வரிசை போல்ட்டை முறுக்கினா கால் சுத்து ஏறுது. கீழ் போல்ட் கல்லு மாதிரி நிக்குது, மேலதான் தளருது. இது சகஜம்தானே? நெட்டை, அதான் என்கூட ரெண்டாவது சீட்ல உக்காந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டில் பிடிக்கிறவன், அவன் இதைப் பாத்து உதட்டைப் பிதுக்குறான். அவன் எதைப் பாத்தாலும் உதட்டைப் பிதுக்குவான். நீ சொல்லு. நீ சரின்னா சரி.

அத்தான்

*

தம்பி, அத்தானுக்கு
மார்ச் 1

அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன்.

புது போல்ட் அப்படித்தான் அத்தான். வாஷர் அமுங்கி உக்காரும். நாலஞ்சு ஓட்டத்துல நின்னுடும். அதுவரைக்கும் பாதி வேகத்துக்கு மேல போகாதீங்க. டிரைவையும் ரெண்டு விரக்கடை கீழே இறக்கிக்கோங்க.

ரொம்ப அவசரம் இல்லைன்னா இந்த வருஷம் போட்டியை விட்டுட்டு, பெட்டியை நல்லா பழக்கிட்டு அடுத்த வருஷம் போகலாமே. சும்மா தோணுச்சு.

தம்பி

*

அக்கா, தம்பிக்கு
மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

நலமா? கை அரிப்பு நின்றதா என்று நீ எழுதவே இல்லை.

"அடுத்த வருஷம் போகலாமே" என்று நீ எழுதியதைப் படித்து உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "பயந்தாங்கொள்ளி, தன் வேலை மேல தனக்கே நம்பிக்கை இல்ல" என்றார். நான் சிரிக்கவில்லை. உன்னை நான் பயந்தாங்கொள்ளியாகப் பார்த்ததே இல்லை. பத்து வயதில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதித்தவன் நீ.

நீ அனுப்பிய வில்லைமேல்தான் தினமும் டம்ளர் வைக்கிறேன். நேற்றுக் கை தவறிக் கீழே விழுந்து ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்தது. சிவப்புக்குக் கீழே வெள்ளை இருக்கிறது. அதற்குக் கீழே ஃபைபர். கத்தியால் சுற்றிலும் சுரண்டிப் பார்த்தேன்.

மஞ்சள் எங்கே?

நான் அவரிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்.

அக்கா

*

தம்பி, அக்காவுக்கு
மார்ச் 15

அக்கா,

நலம். உன் லெட்டர் வந்த அதே நாள் எழுதுறேன், பாரு எவ்வளவு வேகம்.

அட, வில்லை மாறிப்போச்சு! பக்கத்துல இன்னொரு சிவப்பு போட் நின்னுச்சு, அதோட வில்லையும் அதே மேசையில இருந்துச்சு. உங்களோடது எங்கேயோ குப்பையில போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் கத்தியெல்லாம் எடுத்திருக்கே. நர்ஸா இருக்கியா, போலீஸா இருக்கியா?

உங்க மரமும் அதே மாதிரி வெள்ளைதான். நான் பாத்தேன்.

போல்ட் நின்னுச்சான்னு எழுது.

தம்பி

*

அக்கா, தம்பிக்கு
மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே. நீ பார்த்தேன் என்று எழுதிவிட்டாய், அதோடு நான் விட்டுவிட்டேன். கத்தி சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

போல்ட் நிற்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அரைச் சுற்று ஏறுகிறது. அடித்தட்டில் ஒரு வாளித் தண்ணீரும் சேர்கிறது. குழாய் இணைப்பில் கசிவு என்று அவர் சொல்கிறார். நீ சொன்ன பாதி வேகத்தை அவர் இரண்டே நாளில் மறந்துவிட்டார்.

இன்னொரு செய்தி. நெட்டை படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். நான்தான் கட்டுப் போட்டேன். இந்த நேரத்தில் வேறு ஆள் கிடைக்காது. அதனால் இரண்டாவது சீட்டில் நான் உட்காருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் அவர் பக்கத்தில் த்ராட்டில் பிடித்தவள்தானே. அம்மாவிடம் மூச்சு விடாதே. நேற்று ஏறி உட்கார்ந்தேன். ஹெல்மெட் போட்டதும் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. அவர்கூட என்னைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார்.

ஏப்ரல் 6 காலையில் முழு வேகத்தில் ஒரு சோதனை ஓட்டம். இதுவரை அந்த வேகம் தொடவில்லை. 12-இல் போட்டி.

பயமா என்று கேட்டால், இல்லை. பின்னால் இருப்பது உன் கை வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

அக்கா, தம்பிக்கு
மார்ச் 31

தம்பி,

பதில் இல்லை. வழக்கமாகத் திட்டியாவது எழுதுவாய். காய்ச்சலா?

ஆமை அண்ணன் நாளை அங்கே கிளம்புகிறார். அவர் திரும்பும்போது ஒரு வரியாவது கொடுத்தனுப்பு.

அக்கா

*

தம்பி, அக்காவுக்கு
ஏப்ரல் 4

அக்கா,

காய்ச்சல் இல்ல.

போட்டை எடுக்காதே. இதைப் படிக்கும்போது நீ எங்கே நின்னாலும் சரி, போட்டுல ஏறாதே. அத்தானையும் ஏற விடாதே. ஏறியிருந்தா இறங்கு.

இதோட ஒரு வில்லை இருக்கு. இதுதான் உங்களோடது. அதைத் துணியில சுத்தி ரெண்டு மாசமா டூல் பெட்டியில வச்சிருந்தேன். இப்போ காஞ்சு பொடியா கொட்டுது, எடுத்த அன்னிக்கு ஈரமா இருந்துச்சு. உனக்கு அனுப்பினது பக்கத்து போட்டோடது. மாறிப் போகலை. நான்தான் மாத்தினேன். பிப்ரவரி 2-ல எழுதின ஒரு லெட்டரும் உள்ளே இருக்கு, அதைப் படி. அதுக்கு அப்புறம் நான் எழுதினது எல்லாம் பொய்.

மேல் போல்ட் ஏன் தளருதுன்னா, கீழே பெட்டி உள்ளே போய்க்கிட்டிருக்கு. மரம் நசுங்குது. தண்ணி குழாய்ல இருந்து வரலை, சுவர்ல இருந்து வருது. அத்தான் முறுக்க முறுக்க அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். முழு வேகத்துல ஒரு அலையில தூக்கிப் போட்டா டிரைவும் பெட்டியும் சுவரோட பிச்சுக்கிட்டுப் போகும். அப்புறம் பின்னால சுவரே இருக்காது. இதை அத்தான் லெட்டர்ல கால் சுத்துன்னு படிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுதான் வாஷர்னு எழுதினேன்.

நீ ஏறப்போறேன்னு எழுதின லெட்டரை ஒரு வாரமா சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அத்தான் மட்டும்னா சொல்லியிருக்க மாட்டேனோ? அதையும் எழுதிடுறேன்.

இன்னிக்குக் காலையில ஆமை அண்ணன் உன் லெட்டரைக் கொடுத்தார். காய்ச்சலான்னு கேட்டிருந்தே. அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். கையில இருந்த டீயைக் கீழே ஊத்திட்டு, "லெட்டரைக் கொடு"ன்னார். வெளியே நிக்கிறார், இன்ஜினை அணைக்கலை.

போன் பண்ணலாமேன்னு கேப்பே. இப்ப ரெண்டு தடவை அழுத்தினேன். முதல் தடவை அத்தான் எடுத்து, "சொல்லு மச்சான்"னார். சும்மாதான் பண்ணினேன்னு சொல்லி வச்சுட்டேன், ரெண்டாவது தடவை யாரும் எடுக்கலை. பேச ஆரம்பிச்சா என் வாய் எனக்கு சாதகமாத்தான் பேசும். இந்த வில்லையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுற பேப்பர்ல அதால முடியலை. ஆனா மறுபடியும் பண்ணுவேன். ஆறாம் தேதி காலை வரைக்கும் பண்ணுவேன்.

கண்ணாடிகிட்ட இப்போ போறேன்.

தம்பி

*

அக்கா, தம்பிக்கு
ஏப்ரல் 14

தம்பி,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

ஆறாம் தேதி காலையில் படகு தண்ணீரில் இருந்தது. நான் ஹெல்மெட் மாட்டியாகிவிட்டது. அவர் இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகப் படகுத்துறையிலேயே கிடந்தோம், சார்ஜ் தீர்ந்த எங்கள் போன் இரண்டும் கரையில் காருக்குள். நீயும் உங்கள் முதலாளியும் மாறி மாறிப் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தீர்கள் என்று பிறகுதான் பார்த்தேன். கயிற்றை அவிழ்க்க நான் குனிந்தபோது சாலையில் ஒரு ஹாரன். விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. "யாருடா அது, ஆம்புலன்ஸா?" என்றார் அவர். ஆமை அண்ணன். அவர் ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை. டிரெய்லரைச் சாலை நடுவிலேயே விட்டுவிட்டுப் படகுத்துறையில் ஓடி வந்தார். பேச மூச்சு இல்லை. பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

கடிதத்தை நான் பிரிக்கவில்லை. துணியைத்தான் பிரித்தேன். ஓரத்தில் சிவப்பு, அதற்குக் கீழே என் மஞ்சள், மூன்று பூச்சு. ஃபைபருக்கு உள்ளே இருந்த மரம் என் கையிலேயே உதிர்ந்தது.

கயிற்றை மறுபடி கட்டினேன். அவரிடம் வில்லையைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார். படகைக் கரையேற்றிவிட்டு உன் கடிதங்களைப் படித்தோம். அவர் சேற்றில் படுத்து, உன் கீழ் வரிசையைத் தானே தட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து கையை வைத்துக் கேட்டேன். கேட்க வேண்டியதே இல்லை, ஈர மெத்தையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டிக்குக் கீழே குத்தினார். பிடி வரைக்கும் போனது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, ஏரியைச் சுற்றி நடக்கப் போய்விட்டார். மத்தியானம் கழித்துத்தான் திரும்பினார்.

பன்னிரண்டாம் தேதி நாங்கள் கரையில் நின்றோம். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள், பிறகு "வரவில்லை" என்றார்கள். பக்கத்தில் நின்றவர்கள் ஏன் என்று கேட்டார்கள். "சுவர் சரியில்ல" என்று மட்டும் சொன்னார். யார் வேலை என்று இந்த முறை சொல்லவில்லை.

ஒன்றை உனக்குச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் இல்லை என்று தெரிந்த பிறகும்தான் நான் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். நீ பார்த்தேன் என்று எழுதினாய், அதனால் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஆமை அண்ணன் வழக்கம்போல ஓட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இல்லை. நானும் டிக் போடுகிற வேலைதான் பார்க்கிறேன். படுக்கைக்குப் பக்கத்தில் போகாமலே நாடித்துடிப்பை எழுதிவிடலாம், அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்மேல் கோபம் தணியவில்லை. தெரியாதவளாக இருந்தால் தணிந்திருக்கும்.

உங்கள் முதலாளி உன் பரிசோதனைத் தாளை இங்கே அனுப்பியிருந்தார். அதை இதோடு வைத்திருக்கிறேன். கீழ் வரிசையில் நீ போட்ட டிக்குகளை உன் அத்தான் ரப்பரால் அழித்திருக்கிறார். நீ பேனாவில் போட்டிருந்தாய், அதனால் அழியவில்லை. அழிக்க அழிக்கத் தாள் கிழிந்துவிட்டது. பதினான்கு ஓட்டை. நான் எண்ணினேன்.

இந்தச் சுவரை இங்கேயே பிரிக்கப்போகிறார், தனியாக. வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. அவர் உன்னோடு பேசமாட்டார், அதற்குத் தயாராக வா.

கை அரிப்பு எப்படி இருக்கிறது?

அக்கா

*

தம்பி, அக்காவுக்கு
ஏப்ரல் 18

அக்கா,

அரிக்குது. பரவாயில்ல.

கண்ணாடி என்னை வேலையை விட்டு அனுப்பலை. அனுப்பியிருந்தா சுலபமா இருந்திருக்கும். "உன் டிக்கை நம்பித்தானேடா நான் கையெழுத்துப் போட்டேன்"னு ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் நான் தாள் எழுதின மத்த ரெண்டு போட்டுக்கும் என்னையே போன் பண்ணச் சொன்னார், பக்கத்துலயே நின்னார். பண்ணினேன். ஒருத்தர் அசிங்கமா திட்டினார். இன்னொருத்தர் "நன்றி தம்பி"ன்னு சொல்லி வச்சுட்டார், அதுதான் தாங்கலை. ரெண்டு போட்டும் திரும்பி வந்துச்சு. குட்டைத் தண்ணியில படுத்து கீழ் வரிசையை நான் தட்டினேன், கண்ணாடியே உள்ளே உக்காந்து கேட்டார். ரெண்டும் நல்லா இருக்கு. வெளிய வந்து ரெண்டுக்கும் புதுத் தாள் எழுதினேன்.

அந்தக் கிழிஞ்ச தாளை என் பெட்டி மூடிக்குள்ள ஒட்டியிருக்கேன்.

ரெண்டு மாசம் லீவு கேட்டேன், கொடுத்தார். நாளைக்கு ஆமை அண்ணன் வண்டியில கிளம்புறேன். மறுபடியும் பழைய வேகத்துக்குத் திரும்பிட்டாராம், மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் அத்தானைச் சுவர்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லு. சொல்ல முடியலைன்னா விடு.

அவர் பேச வேண்டாம் அக்கா. புது மரம் வச்சு ஒட்டினதும் எழுபது கட்டத்தையும் மறுபடி தட்டணும். நான் வெளியே படுத்துத் தட்டுவேன். உள்ளே உக்காந்து கையை வச்சுக் கேக்க ஒரு ஆள் வேணும். அது பேசாமலே செய்யற வேலை.

தம்பி